வேனிற் கொல்லையும் அதனைக் காப்பாரும்

கலாசாலை மூடுங்காலமும் வீட்டுக் கொல்லை பூக்குங்காலமும் ஒன்றாயிருத்தல் நம் மாணாக்கர்க்கு வாய்த்ததொரு நற்பேறு என்றே கூறவேண்டும். பரீட்சை முடிந்து, பெட்டியும் படுக்கையுமாக அவர்கள் தத்தம் ஊர் சேரும்போது, வீட்டின் பின்புறத்தே வேம்பின் பூ பொரிபோல் உதிர்ந்து கிடக்கும். முருங்கை கிளைகொள்ளாமற் காய்த்துத் தொங்கும். மல்லிகை அரும்பெடுப்பார்க்கு மாலைதோறும் மடி நிறையும். இவையெல்லாம் தாமே நிகழ்ந்தன போலும் என்றெண்ணிக் குழம்பையுண்டு, பூவைச் சூடி, ஆனியிற் கலாசாலைக்கு மீண்டு வருவோரே பலர். தாமே நிகழ்ந்தனவல்ல. ஒரு தாயாரோ, பாட்டியாரோ, வேலையினின்று ஓய்வுபெற்ற தந்தையாரோ நாடோறும் குடங்குடமாய் நீர் சுமந்த உழைப்பு அவற்றின் பின்னே நிற்கின்றது. விளையாட்டிற் கோப்பை வென்றாரைப் பாராட்டுகின்றோம். சொற்போரில் வென்றாரைப் பாராட்டுகின்றோம். கத்திரி வெயிலில் ஒரு கத்திரிச்செடியைக் காத்தாரை மட்டும் ஏன் பாராட்டலாகாது என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

நம் முன்னோர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்துச் சித்திரை வைகாசியை இளவேனில் என்றும், ஆனி ஆடியை முதுவேனில் என்றும் வழங்கினர். குளிர்நாடுகளில் வேனிலின் வருகையென்பது உறைந்த நிலம் இளகுதல். செடிகொடிகள் தாமே தளிர்விடும். தோட்டக்காரர் அவற்றின் பின்னே சென்றாற் போதும். நம் நாட்டில் நிலைமை வேறு. இளவேனில் என்னும் பெயரில் மென்மையிருப்பினும், அதன் நடுவிலேதான் மே மாதத்துக் கத்திரி வெயில் வந்து நிற்கின்றது. கிணறு வற்றுவதும் அப்பொழுதே. பகல் வெப்பம் 35 பாகை செல்சியசைக் கடந்து இரவும் தணியாதிருப்பின், தக்காளியின் மகரந்தம் பழுதுபட்டுப் பூ காயாகாமலே உதிர்ந்துவிடும். பந்தலவரையோ பகற்பொழுது குறுகினாலன்றிப் பூவாது. ஆடியில் இட்ட கொடி மார்கழி தையிற்றான் காய்க்கும். சித்திரையில் அதன் முகத்தைப் பார்த்து நிற்பது வீண். வெண்டையும் கொத்தவரையும் வெயிலைத் தாங்கும். கீரை ஒரு மாதத்துக்குள் கைக்கு வரும். முருங்கை வெயிலையே விரும்பும். எதை எப்பொழுது இடுவது, எதை எப்பொழுது கைவிடுவது என்னும் இவ்வறிவு நம் பாடத்திட்டம் எதிலும் அடங்கிற்றன்று. கையெழுத்தும் இடவறியா மூதாட்டியர் பலரிடத்தே நிறைந்து கிடக்கின்றது.

மே மாதத்தில் உதகையில் நடைபெறும் மலர்க்காட்சிக்கு நாடெங்கணுமிருந்து மக்கள் திரள்கின்றனர். மக்ஐவர் என்னும் தோட்டக்கலை வல்லுநர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமைத்த அத் தாவரவியற் பூங்கா காணத்தக்கதே. அதனைக் குறைகூற நாம் வரவில்லை. ஆயினும் அங்கே மலைக்காற்றும் பனிமூட்டமும் உண்டு, சம்பளம் பெறும் ஆட்களும் உண்டு. சமவெளியிற் சுட்டெரிக்கும் மதிலோரத்தில், உடைந்த வாளியொன்றில் உயிரைக் கையிற் பிடித்து நிற்கும் புதினாவுக்குக் காட்சியுமில்லை, பரிசுமில்லை. முல்லைக்குத் தேரீந்த பாரியைச் சங்ககாலந் தொட்டுப் புகழ்ந்து வருகின்றோம். பாரி தேரை ஒருநாள் ஈந்தான். மறுநாள் அக்கொடிக்கு நீர் வார்த்தவர் யாரென்று புலவர் எவரும் சொல்லிற்றிலர். அவரைப் பற்றியே நமக்கு எழுத விருப்பம்.

வேனிற் கொல்லையின் கலையெல்லாம் நீரைப் பிடித்து நிறுத்துங் கலையே. ஊற்றும் நீரிற் பெரும்பகுதி வேரைச் சேராமல் வெயிலுக்கே இரையாகும் என்பதை அறிந்தோர் உச்சிவேளையிற் பூவாளியைத் தொடார். பொழுது புலருமுன்னோ சாய்ந்த பின்னோதான் வார்ப்பர். பாத்தியின்மேல் உலர்ந்த இலை, வைக்கோல், தென்னை மட்டைத் துணுக்கு முதலியவற்றை நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பி மூடாக்கு இடுவர். அதன்கீழ் மண் ஈரங்காக்கும். நாளடைவில் அதுவே மக்கி எருவுமாகும். இவற்றினும் நாம் வியப்பது பானை நீர்ப்பாய்ச்சலையே. மெருகிடாத மட்பானையொன்றைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, வாயை ஓட்டினால் மூடிவிட்டால், பானையின் நுண்டுளைகளின் வழியே நீர் கசிந்து சுற்றிலும் பரவும். மண் உலர்ந்திருந்தாற் கசிவு மிகும். ஈரமாயிருந்தால் தானே குறையும். செடி குடிக்குமளவே பானை கொடுக்கின்றது. அதனைச் சுற்றி மூன்று நான்கு பாகற்கொடிகளை வைத்துவிட்டு, வீட்டார் இரண்டொரு நாள் வெளியூர் போய்வரினுங் கேடில்லை. விசையும் வேண்டா, மின்சாரமும் வேண்டா. நுண்டுளைப் பொருள்களைப் பற்றித் தேர்வுக்குப் படிக்கும் பௌதிக மாணாக்கர், அதனைக் கண்ணெதிரே காணவேண்டின், பாட்டியாரின் பாகற்பந்தலின்கீழ்ச் சற்றே குனிந்து பார்ப்பாராக.

அடுக்களை நீரும் அவ்வாறே. அரிசி களைந்த கழுநீர் கறிவேப்பிலைக்குப் போகும். குளித்த நீர் வாழைக்கும் கல்வாழைக்கும் போகும். சாம்பலும் புளியும் சீயக்காயும் கொண்டு துலக்கிய நாளில் இதில் ஐயப்பாட்டுக்கே இடமில்லை. இக்காலத்துச் சலவைத்தூளின் உப்போ மண்ணை இறுகச் செய்வது. ஆதலின் அந்நீரைக் கீரைப்பாத்திக்கு விடாமல், வாழைகளுக்கு மட்டும் இடம் மாற்றிமாற்றி விடுவதே தக்கது.

மல்லிகையைப் பற்றியும் ஒரு சொல். சித்திரையில் மணக்கும் பூவுக்குக் கார்த்திகையிலேயே கத்தி வைத்தாகவேண்டும். நவம்பர்க் கடைசியிற் கிளைகளைக் கவாத்துச் செய்தாற்றான் பங்குனி முதற் புதுக்கிளைகள் அரும்பெடுக்கும். வெட்ட மனம் வாராது விட்டவர் வீட்டுச் செடி இலையாகவே தழைத்து நிற்கும். மதுரை மல்லிகைக்கு 2013-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு கிடைத்தது என்று மகிழும் நாம், வாசலில் நிற்கும் ஒற்றைச் செடியைத் துணிந்து வெட்டிய கையை நினைப்பதில்லை.

“இத்தனை பாடு எதற்கு? சந்தையில் இதனினும் மலிவாய்க் கிடைக்குமே” என்பார் உளர். உண்மைதான். மாடியிற் பைகளும் தென்னைநார்க் கழிவும் உரங்களும் விலைக்கு வாங்கி வைத்துக் கணக்குப் பார்த்தால், முதற் கத்திரிக்காயின் விலை பொன்னோடு போட்டியிடும். ஆயினும் வீட்டுக் கீரை அடுப்பில் உலை ஏறிய பின்னர்ப் பறிக்கப்படுவது. யார் என்ன மருந்து தெளித்தாரோ என்று ஐயுறவேண்டாதது. கைப்பொருள் குறைந்த வீட்டில் ஒரு முருங்கையும் ஒரு பப்பாளியும் ஒரு பாத்திக் கீரையும் செய்யும் உதவியைச் சந்தைக் கணக்கு காட்டாது.

இதனினும் வலிய தடை நீரைப் பற்றியது. 2019-ஆம் ஆண்டுக் கோடையிற் சென்னைக்கு நீர் வழங்கும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டுபோயின. மக்கள் குடங்களுடன் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றனர். அத்தகைய வேளையிற் செடிக்கு நீர் வார்ப்பது நியாயமோ? நல்ல நீரை வார்ப்பது நியாயமன்று என்றே நாமும் கூறுவோம். புல்தரைக்குக் குழாய் பிடித்து நிற்பாரைக் கொல்லைக்காரர் வரிசையில் நாம் சேர்க்கவேயில்லை. நம் புகழ்ச்சிக்குரியார் ஒருமுறை பயன்பட்ட நீரை மறுமுறையும் பயன்படுத்துவோரே. மேலும், கட்டிடந்தோறும் மழைநீர் சேமிப்பைத் தமிழ்நாட்டரசினர் 2003-இற் கட்டாயமாக்கினர். என்றாலும் சுற்றிலும் சிமெண்டு பூசிய வீட்டில் மழையிற் பெரும்பகுதி தெருவுக்கே ஓடுகின்றது. வாய்திறந்த மண்ணுள்ள கொல்லையோ அதனைத் தன்னுள் வாங்கிக் கிணற்றுக்கு அனுப்புகின்றது. கோடையில் வாங்கியதைக் கார்காலத்திற் கொல்லை திருப்பித் தருகின்றது என்க.

இனி விதையைப் பற்றிச் சொல்லுவோம். நம் கவலையெல்லாம் இதன் மேலதே. கடையில் வண்ணப் பொதியில் வரும் வீரிய ஒட்டுவிதை முதலாண்டில் நன்கு காய்க்கும். அதன் விதையையெடுத்து மீண்டும் இட்டால் தாயைப்போற் பிள்ளை வாராது. ஆண்டுதோறும் கடைக்கே போகவேண்டும். வழிவழி வந்த வீட்டுவிதை அத்தகையதன்று. நல்ல கொடியில் நல்ல காயொன்றைப் பறியாது முற்றவிட்டு, விதையெடுத்துச் சாம்பலிற் புரட்டி, நிழலில் உலர்த்திச் சுரைக்குடுக்கையில் அடைத்து வைப்பர். பூசணி, சுரை முதலியவற்றின் விதையைப் பசுஞ்சாணத்திற் பதித்துச் சுவரில் அப்பி வைப்பதும் உண்டு. சுரையும் பீர்க்கும் ஆண்பூவையும் பெண்பூவையும் வெவ்வேறாகத் தருவன. இரண்டும் மாலையில் மலர்வன. ஒரே பந்தலில் இருவகைச் சுரையை ஏற்றினால் மகரந்தங் கலந்து, மறுவருடம் இன்னதென்று சொல்லவியலாக் காயொன்று தோன்றும். கத்திரியோ பெரும்பாலும் தன் மகரந்தத்தினாலேயே காய்ப்பது. அதனைக் காப்பது எளிது. இவ்வேறுபாட்டை ஒரு சொல்லும் படியாத பெண்மக்கள் அறிந்து, எது எதனருகே நிற்கலாம் என்று விதித்திருக்கின்றனர்.

இவ்விதைகளுக்குப் பதிவேடில்லை. வேலூர்ப் பக்கத்து முள்ளுக்கத்திரி போலப் பெயர்பெற்றவை சில. பெயரின்றிப் புழக்கடையிலேயே வாழ்பவை பல. வைத்திருந்த மூதாட்டி மறைந்ததும் குடுக்கை பரணிலேறும். சில ஆண்டு விதையாது கிடந்தால் முளைக்குந்திறன் போய்விடும். பின்னர் ஒருநாள் வெள்ளையடிக்க வந்தவன் அதனைக் குப்பையிற் கொட்டுவான். அவ்விதை வேறெங்கும் இல்லாததாயின், ஒரு வகையே உலகினின்று நீங்கிற்று. அதற்கு இரங்கற் கூட்டமும் நடைபெறாது.

பழையதே நன்று என்பது நம் கட்சியன்று. நம்முடையன என்று நாம் உறுதியாய் நம்பும் மிளகாய், தக்காளி, கொய்யா, பப்பாளி, மரவள்ளி, சீத்தா ஆகிய யாவும் அமெரிக்கக் கண்டத்தினின்று வந்தவை. நித்தியகல்யாணி மடகாஸ்கர்த் தீவினது. துலுக்கச் செவ்வந்தி மெக்சிகோ நாட்டது. துருக்கருக்கும் அதற்கும் யாதோர் உறவுமில்லை. கப்பலில் வந்த இவ்வயலாரை ஊராராக்கியது அரசாணையன்று. கொல்லையிற் குழி தோண்டி ஒரு விதையிட்டுப் பார்த்த பெயர் தெரியாத வீட்டாரே என்று கருதுகின்றோம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியார் தந்த பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை விதையிலிருந்தே முளைத்து ஓராண்டுக்குள் காய்க்கின்றது. அதற்கும் கொல்லையில் இடமுண்டு. போத்து நட்டு வளர்த்த பழைய மரத்தை அதன்பொருட்டு வெட்டவேண்டா என்பதே நம் விண்ணப்பம்.

வேதாகமத்தில் ஆகாப் அரசன் நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைக் கேட்டது மாளிகை கட்டுதற்கன்று, கீரைக்கொல்லை போடுதற்கே. அரண்மனையுடையானுக்கும் அருகே ஒரு கீரைப்பாத்தியில்லாக் குறை பெரிதாய்த் தோன்றிற்று. நாபோத்தோ பிதாக்களின் சுதந்தரத்தைக் கொடேன் என்று மறுத்து உயிரையும் இழந்தான். ஆகாபைப் பிரசங்கந்தோறும் கண்டிக்கும் நாம், நம் பிதாக்கள் விட்டுச்சென்ற கொல்லையை ஒருவருங் கேளாதிருக்கவே தளமிட்டு வண்டி நிறுத்துகின்றோம். இடமில்லாதார் நிலைமை வேறு. வாடகை வீட்டுச் சாளரத்தில் எண்ணெய்த் தகரமொன்றிற் பொன்னாங்கண்ணி வளர்ப்பாரை, பத்து சென்டு வெறுந்தரை உடையாரினும் மேலாகவே மதிக்கின்றோம்.

நம் கலாசாலை இதிற் செய்யத்தக்கது உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அவ்வளாகம் மரஞ்செறிந்து விளங்குவதில் எட்வர்டு பார்ன்ஸ் என்னும் பேராசிரியர்க்குப் பெரும்பங்கு உண்டு. அவர் கற்பித்தது இரசாயனம். செடி வளர்ப்பது தாவரவியலார்க்கே உரியது என்று அவர் ஒதுங்கிற்றிலர், நாமும் ஒதுங்கவேண்டுவதில்லை. மாணாக்கர் விடுதியின் பின்புறம் சமையற்கட்டு நீர் வீணே தேங்கும் இடத்திற் சில பாத்திகள் போடலாம். ஆண்டுவிழா மேடையிற் கோப்பைகளோடு கோப்பையாக, வேனிலைத் தாண்டிய கொல்லையுடையார் இரண்டொருவரை அழைத்துச் சிறப்புச் செய்யலாம். பணியாளர் குடியிருப்பிலேயே அத்தகையார் இருக்கின்றனர். பரிசு ஒரு பூவாளியாயிருத்தல் பொருத்தம். வரிசையாய் அடுக்கிய குரோட்டன் தொட்டிகளுக்கு மதிப்பெண் இல்லையென்பதை மட்டும் முன்னரே அறிவித்துவிடுதல் நன்று.

எல்லாவற்றினும் முந்தியது விதை. ஆடிப்பட்டம் தேடி விதை என்பர். கலாசாலை திறந்து ஆடி பிறக்க இடையே சில வாரங்களே உண்டு. ஆதலின் விடுமுறை முடிந்து வரும் மாணாக்கர் ஒவ்வொருவரும் வீட்டுக் கொல்லையினின்று ஒரு பிடி விதை கொணர்வாராக. பழைய மாணாக்கர் தபாலில் அனுப்பலாம். நெகிழிப் பையில் இடாமல் தாளுறையில் இடுக. உறையின்மேற் செடிக்கு வீட்டில் வழங்கும் பெயர், ஊர், விதைக்கும் மாதம், எத்தனை ஆண்டாக அவ்வீட்டில் உள்ளது, யார் கையால் எடுத்தது என்பவற்றை எழுதுக. சுரையும் பீர்க்கும் கொணர்வோர், அண்டை வீட்டில் வேறு வகை நின்றதா என்பதையும் கேட்டறிந்து வருதல் வேண்டும். பாட்டியார் சொல்லச்சொல்ல எழுதிக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். திண்ணையில் வெயில் தாழ்ந்த பின் உட்கார்ந்தால் அவரும் விரும்பியே சொல்லுவார்.