காக்காவையும் எழுதணும்!



போன ஜூன் மாசம் இயற்கை மன்றம் சார்பா வேப்பமரத்தடியில் பறவை நோட்டு ஒண்ணு ஆரம்பிச்சோம். பதினோரு நாளில் நின்னு போச்சு. நிறுத்தியது வேறு யாருமல்ல, நான்தான். "தினமும் அதே காக்கா, அதே மைனா. இதைப் போய் எழுதணுமா?" என்று விட்டுவிட்டேன். அது தப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலில் ஃபேர் ஐல் என்று ஒரு குட்டித் தீவு. குடியிருப்பவர்கள் சுமார் 50 பேர்தான். கடல் தாண்டி வரும் பறவைகள் களைத்துப்போய் அங்கே இறங்கும். ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் என்பவர் இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியில் கைதியாக இருந்தபோதே, அங்கே பறவை ஆய்வு நிலையம் வைக்கத் திட்டம் போட்டார். (கைதியாக இருந்துகொண்டு பறவையை நினைக்க எப்படித்தான் முடிந்ததோ!) 1948-ல் கடற்படையின் பழைய கொட்டகைகளில் அதைத் தொடங்கியும் விட்டார்.

அங்கே காலைச் சாப்பாட்டுக்கு முன்னாடியே வேலை ஆரம்பம். கம்பிவலையைப் புனல் மாதிரி கட்டியிருக்கிறார்கள். வாய் அகலம், உள்ளே போகப்போகக் குறுகல், கடைசியில் ஒரு பெட்டி. அதில் சிக்கும் பறவையின் காலில் எண் போட்ட வளையம் மாட்டி, இறக்கையை அளந்து, எடை பார்த்துப் பறக்க விடுவார்கள். ராத்திரி எல்லாரும் உட்கார்ந்து ஒவ்வொரு பறவையின் பேராக வாசிப்பார்கள். விருந்தாளியாக வந்தவர்களும் "நான் இத்தனை பார்த்தேன்" என்று சொல்லலாம். அபூர்வப் பறவை மட்டும் இல்லை, சாதாரணக் குருவியும் கணக்கில் உண்டு.

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். பஃபின் என்ற கடல்பறவை அங்கே 1986-ல் சுமார் 20,000 இருந்தது. 2012-ல் ஏறக்குறைய பாதிதான். "இதுதான் தினமும் இருக்கே" என்று அன்றைக்கு என்னை மாதிரி ஒருவர் நோட்டை மூடியிருந்தால், பாதி போனது யாருக்குத் தெரிந்திருக்கும்?

2019 மார்ச்சில் அந்தக் கட்டிடமே எரிந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. பழைய பதிவுகளை முன்பே கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்ததால் அவையும் பிழைத்தன.

நம்ம நோட்டு எரியவில்லை. பீரோவில் சும்மா கிடக்கிறது. பழைய ஓட்டு வராந்தாவில் நிறைய சிட்டுக்குருவிக் கூடு இருந்ததாக வாட்ச்மேன் தாத்தா சொல்கிறார். எத்தனை இருந்தது, எந்த வருஷம் போச்சு என்று கேட்டால் அவருக்கும் ஞாபகம் இல்லை. யாரும் எழுதி வைக்கலை.

நோட்டைக் கேட்டு வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை காலை 8.45-க்கு வேப்பமரத்தடியில் இருப்பேன். பென்சில் மட்டும் கொண்டு வாங்க. முதல் வரி காக்காதான்.

- ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி