ஐப்பசி மழையும் அரைப்படித் தக்காளியும்
ஆலை சூழ்ந்த வடசென்னையில் எந்தக் காய் போடலாம்?

மழை பிடித்துக் கொண்டால் முதலில் ஏறுவது காய்கறி விலை. 2021 நவம்பர் மழையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அன்று ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எத்தனையோ வீடுகளில் புளி மட்டும் கரைத்துக் குழம்பு வைத்தார்கள்.

அப்போதுதான் பலருக்கு ஞானம் பிறக்கும். "நாமே நாலு தக்காளிச் செடி வைத்தால் என்ன?" என்பார்கள். உடனே விதை வாங்கி வந்து தூவுவார்கள்.

இது தவறு!

ஏன்? விதைத்த தக்காளி நாற்றாவதற்கு 25 நாள் வேண்டும். நட்ட பின் காய் பறிக்க இன்னும் 2 மாதம் வேண்டும். அடைமழையில் பூ உதிரும், வேர் அழுகும். விலை ஏறிய அன்று விதைப்பது, தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுவது போலத்தான்.

தோட்டத்திற்கு முதலில் வேண்டியது நிலம் அல்ல, நாள் கணக்கு!

எந்த மாதம் எந்தப் பயிர்?

சென்னைக்குப் பாதிக்கு மேல் மழையைக் கொட்டுவது வடகிழக்குப் பருவக் காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதன் ஆட்சி. அதை வைத்தே பயிரைப் பிரிக்க வேண்டும்.

மழைக்கு முன் காய்க்க வேண்டியவை வெண்டையும் கொத்தவரையும். ஆடியில் ஊன்றினால் 45 நாளில் வெண்டை வந்துவிடும். கொத்தவரைக்கு 2 மாதம். பந்தல் அவரையையும் ஆடியிலேயே ஊன்றலாம். அது மழையில் படர்ந்து மார்கழி, தை மாதங்களில் காய்க்கும்.

மழையைத் தாங்குபவை கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, வல்லாரை. புரட்டாசியில் தண்டு ஒடித்து நட்டுவிடுங்கள். அரைக்கீரை விதையை அடைமழையில் தூவாதீர்கள். மழைத்துளி அடித்து விதையைக் கொண்டு போய்விடும்.

மழைக்குப் பின் வருபவைதான் தக்காளி, கத்தரி, முள்ளங்கி, கொத்தமல்லி. கார்த்திகையில் கூரைக்கு அடியில் நாற்று விட்டு, மார்கழியில் நடுங்கள். மாசியில் தக்காளி பறிக்கலாம். முள்ளங்கி நாற்பது, நாற்பத்தைந்து நாளில் குழம்புக்கு வரும்.

உப்பும் உதவியும்

நம் பகுதியில் கடல் அருகில் இருக்கிறது. பல இடங்களில் கிணற்று நீரும் குழாய்க் கிணற்று நீரும் உப்பு. அந்த நீரை ஊற்றிய மண்ணின் மேல் வெள்ளை பூத்து நிற்கும். அதில் பீன்ஸ் தேறாது. கொத்தவரையும் பீட்ரூட்டும் ஓரளவு தாங்கும்.

ஆனால் மழை வந்தால் அந்த உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடும். எனவே உட்புற ஊர்களைவிட நமக்குத்தான் இந்தப் பருவம் பெரிய வாய்ப்பு. ஓட்டிலிருந்து விழும் மழை நீரை ஒரு பீப்பாயில் பிடித்து மூடி வையுங்கள். மழை விட்ட நாட்களில் அதையே ஊற்றுங்கள்.

உரத்திற்கும் வெகுதூரம் போக வேண்டாம். காசிமேட்டில் கிடைக்கும் மீன் கழிவோடு அதே எடை வெல்லம் சேர்த்து மூடி வைத்தால், 3 வாரம் போல் ஆனதும் மீன் அமிலம் தயார். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி போதும்.

மண்ணை நம்பலாமா?

இதுதான் வடசென்னைக் குடும்பங்களுக்கு உரிய கேள்வி. வேறு ஊர்க்காரர் எழுதும் தோட்டக் குறிப்புகளில் இது இராது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்தது. கொசஸ்தலை ஆறு, எண்ணூர் முகத்துவாரம் எங்கும் அது படர்ந்தது. மீனவர் வீட்டுச் சுவர்களிலும் படகுகளிலும் கருப்பாக ஒட்டியது. அனல் மின் நிலையச் சாம்பலும் பல ஆண்டுகளாக இந்தப் பகுதியின் தொல்லை.

அப்படிப்பட்ட மண்ணில் ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கக் கூடும். கீரையும் கிழங்கும் அவற்றை அதிகம் இழுக்கும். காயும் பழமும் குறைவாக இழுக்கும். இலையில் படிந்த தூசியைக் கழுவலாம். வேர் வழியாக ஏறியதைக் கழுவ முடியாது!

ஆகவே என் யோசனை இது: எண்ணெய் தேங்கிய இடத்திலும் சாம்பல் விழும் இடத்திலும் தரையில் எதையும் போடாதீர்கள். பையில் போடுங்கள். நல்ல இடத்துச் செம்மண், தென்னைநார்க் கழிவு, மட்கிய எரு மூன்றையும் சம பங்கு கலந்து நிரப்புங்கள். பக்கத்துக் காலி மனை மண்ணை அள்ளி வராதீர்கள். பையின் அடியில் துளை இருக்கட்டும். செங்கல் மேல் வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பைகளைக் கைப்பிடிச் சுவர் ஓரம் இறக்குங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் ஒருநாளும் ஏற்றாதீர்கள்.

"இரண்டு பையில் என்ன வரும்?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. இரண்டு பையில் குடும்பம் பிழைக்காது, உண்மை. ஆனால் ரேஷன் கடையில் அரிசி உண்டு, கீரை இல்லை. காசு தட்டும் மாதக் கடைசியில் குடும்பம் முதலில் குறைப்பது காய்கறியைத்தான். அந்த நாளில் ஒரு பிடி பசலை குழந்தையின் தட்டில் விழுந்தால் அது சிறிய லாபமா?

"ஆலைகள் நடுவே தோட்டம் எதற்கு?" என்பாரும் உண்டு. ஆலையில் உழைப்பவன் வீட்டில்தானே நல்ல காய் முதலில் வேக வேண்டும்?

அரசாங்கம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித் தோட்டப் பைகளும் விதையும் கொடுத்திருக்கிறது. நல்ல காரியம். அதோடு எண்ணூர், திருவொற்றியூர், மணலி தெருக்களின் மண்ணை இலவசமாகச் சோதித்து, முடிவை அந்தந்தத் தெருவில் எழுதி ஒட்ட வேண்டும். எந்த மண் நல்லது என்று தெரியாமல் ஒரு தாய் எதை நம்பிக் கீரை போடுவாள்?

சோதனை வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தப் புரட்டாசியில் ஒரு பையில் பசலை நடுங்கள். கார்த்திகையில் ஒரு பிடி தக்காளி விதை போடுங்கள். மாசியில் அரைப்படித் தக்காளி பறித்து, பக்கத்து வீட்டுக்கும் நாலு கொடுங்கள். அடுத்த ஆண்டு அந்த வீட்டிலும் ஒரு பை முளைக்கும்!