ரத்தம் சொல்லும் சாட்சி போதுமா?

மனிதனின் மூளை, உடல் எடையில் 100-ல் 2 பங்குதான். ஆனால், உடலுக்குக் கிடைக்கும் பிராணவாயுவில் 5-ல் 1 பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது ரத்தம். சில நிமிடங்கள் ரத்தம் நின்றாலும் மூளை தாங்காது.

கழுத்தின் இரு பக்கமும் மூளைக்குச் செல்லும் பெரிய ரத்தக்குழாய்கள் உள்ளன. வயதாக ஆக அவற்றில் கொழுப்பு படிகிறது. புகை பிடிப்பவர்களுக்கும், ரத்தக்கொதிப்பு, சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். படிந்த கொழுப்பில் ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும்!

அடைப்பை நீக்க ஆபரேஷன் உண்டு. ஆனால், குழாயைத் திறக்கும்போது அதில் ஓடும் ரத்தத்தை நிறுத்தவேண்டும். 1954-ம் ஆண்டு லண்டன் செயின்ட் மேரி ஆஸ்பத்திரியில் ஈஸ்ட்காட் முதலிய டாக்டர்கள் இத்தகைய ஆபரேஷன் செய்தார்கள். மூளையைக் காப்பாற்ற, நோயாளியின் உடலை ஐஸ் வைத்துக் குளிரச் செய்தார்கள்.

இப்போது ஐஸ் தேவை இல்லை. பலருக்கு மறுபக்கத்துக் குழாயே மூளைக்குப் போதிய ரத்தம் தருகிறது. போதாதவர்களுக்கு டாக்டர்கள் தற்காலிகமாகச் சிறு குழாய் வைக்கிறார்கள். அதிலும் ஆபத்து உண்டு. ஆகவே, அது யாருக்குத் தேவை என்று உடனே தெரியவேண்டும்.

சிலருக்குக் கழுத்தை மட்டும் மரக்கச் செய்து, விழித்திருக்கும்போதே ஆபரேஷன் நடக்கிறது. கையில் ஒரு பொம்மை. "அமுக்குங்கள்" என்றால் அமுக்கவேண்டும். அமுக்க முடியாவிட்டால், மூளைக்கு ரத்தம் போதவில்லை என்று அர்த்தம்!

மயக்கத்தில் இருப்பவர் எப்படிச் சொல்வார்? அவருடைய ரத்தம் சொல்லுமா என்று விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள். மூளை அணுக்கள் அடிபட்டால் 'எஸ்-100-பி' போன்ற புரதங்கள் கசிந்து ரத்தத்தில் கலக்கின்றன. ஆனால் அந்தப் புரதம் உடலின் கொழுப்பிலும் இருக்கிறது. மூளை அடிபட்ட பிறகே அது கசிகிறது. சாட்சி வருவதற்குள் ஆபரேஷன் முடிந்துவிடலாம். ஆகவே ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி முடிவு செய்வது சரியல்ல.

அதைவிட முந்திய சாட்சி வீட்டிலேயே இருக்கிறது. திடீரென்று ஒரு கை மரத்துப்போகும். பேச்சு குழறும். ஒரு கண் இருளும். சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிடும். "சரியாகிவிட்டதே" என்று இருந்துவிடக்கூடாது! அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களுக்கு, அந்த எச்சரிக்கை வந்த 2 வாரத்துக்குள் செய்தால்தான் பலன் மிக அதிகம்.