வற்றிய கிணறு வாங்கட்டும்

பல்லடம், சூலூர், அவிநாசி வட்டாரத் தோட்டங்களில் அறுபது, எண்பது அடிக்குப் பாறையை உடைத்து இறக்கிய கிணறுகள் வாய் திறந்தபடி கிடக்கின்றன. கரையில் மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்துக் கல்தூண், சுவர் இடுக்கில் வேர்விட்ட அரசங்கன்று, பக்கவாட்டில் சைடு போர் ஓட்டிய துளைகள், அடியில் காய்ந்த சேறும் பிளாஸ்டிக் பைகளும். பத்தடி தள்ளி, ஆயிரம் அடியைத் தாண்டிய போர்வெல்லின் கேசிங் பைப் நிற்கும். வெடி வைத்து, கல்லைக் கூடையில் தூக்கி, கடன்பட்டு வெட்டிய கிணறு அது. இன்னும் இருபது அடி ஆழப்படுத்தினால் ஊற்றுக்கண் திறக்கும் என்று சிலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். மண்ணைத் தள்ளி மூடினால் ஒரு சென்ட் நிலமாவது மிஞ்சும் என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டுமே நஷ்டக் கணக்கு. இந்தக் கிணறு இனி முதலில் நீரை வாங்க வேண்டும். தருவது அதன் பிறகு. அதுவும் ஒரு தோட்டத்துக் கிணறு மட்டும் வாங்கிப் பயனில்லை. ஊர்க் கிணறுகள் எல்லாம் சேர்ந்து வாங்க வேண்டும்.

கிணறு வற்றிய பழியை மழையின் தலையில் மட்டும் கட்ட முடியாது. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடும்பாறை. மேல்மண்ணுக்குக் கீழே சிதைந்த பாறை அடுக்கு, அதற்கும் கீழே வெடிப்புகள். நீர் தங்க இவ்வளவுதான் இடம். திறந்த கிணறு அந்தச் சிதைந்த அடுக்கை நம்பி வெட்டப்பட்டது. ராத்திரி முழுக்கக் கசிந்து சேர்ந்ததைக் காலையில் இறைப்பது அதன் முறை. ஊறுவதற்கு மேல் இறைக்க மாடுகளால் ஆகாது. ஆயில் இஞ்சினும் மின்மோட்டாரும் அந்த வரம்பைத் தளர்த்தின. 1990-ல் விவசாயிகள் அனைவருக்கும் மின்சாரம் இலவசமானது. சிறு விவசாயிக்கு அது பெரிய கைகொடுப்பு. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், மோட்டாரை நிறுத்த ஒரு காரணமும் மிஞ்சாமல் போனது. போர்வெல் ஆழத்து வெடிப்புகளிலிருந்து உறிஞ்ச உறிஞ்ச, மேலடுக்கின் நீரும் அதே வெடிப்புகள் வழியே இறங்கிவிட்டது. கிணற்றின் அடியில் ஓட்டை விழுந்தது இப்படித்தான்.

இதே பாறைதான் நம்பிக்கையும் தருகிறது. சிதைந்த பாறையின் மொத்தக் கன அளவில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே நாம் எடுக்கக்கூடிய நீர். பாத்திரம் சிறியது, சீக்கிரம் காலியாகும், சீக்கிரம் நிரம்பவும் செய்யும். இரண்டு சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஹெக்டேருக்கு அடியில் நீர்மட்டம் 1 மீட்டர் உயர 2 லட்சம் லிட்டர் போதும். ஐந்து ஏக்கர் தோட்டத்தில் ஒரே நாளில் 5 செ.மீ. மழை பெய்தால் விழுவது 10 லட்சம் லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு வழிந்தோடினாலே அந்த 2 லட்சம் லிட்டர் வந்துவிடுகிறது. நீள அகலம் 20 அடி, ஆழம் 60 அடி உள்ள கிணறு ஏறக்குறைய 6.8 லட்சம் லிட்டர் கொள்ளும். நாலைந்து நாளில் கொட்டித் தீர்க்கும் ஐப்பசி மழையை மண் உடனே உறிஞ்சிவிடாது. கிணறு வாங்கி வைத்துக்கொண்டு, சுவர்க் கசிவுகள் வழியே மெல்ல உள்ளே அனுப்பும். இவ்வளவு பெரிய தொட்டியைப் புதிதாக வெட்ட எத்தனை லட்சம் ஆகும் என்று யோசித்தால், வெட்டிக் கிடப்பதை மூடுவதற்கு மனம் வராது.

வாய்க்காலை நேரே கிணற்றுக்குள் திருப்பிவிடுவதுதான் இதில் பலரும் செய்யும் பிழை. இரண்டே மழையில் வண்டல் இறங்கி, நீர் புக வேண்டிய வெடிப்புகளை அடைத்துவிடும், தூர்வாரியது வீண். வாய்க்கால் முடியும் இடத்தில் மண் படிய ஒரு குழி. அதையடுத்து, அடியில் பெரிய கல், நடுவில் ஜல்லி, மேலே மணல் பரப்பிய வடிகட்டிக் குழி. அங்கிருந்து வரும் குழாய், சுவரைத் தாண்டி இரண்டு மூன்றடி உள்ளே நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் விழும் நீரே சுவரை அரித்துச் சரித்துவிடும். பூச்சிமருந்து அடித்த கையோடு வரும் முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும். சாயக்கழிவு கலந்த ஓடை அருகே இருந்தாலோ, பக்கத்துக் கிணற்றில் குடிக்க நீர் எடுத்தாலோ இந்த வேலையே கூடாது. மாசு உள்ளே போய்விட்டால் அதை வெளியே எடுக்க வழி கிடையாது.

'நான் செலவழித்து நீர் இறக்குவேன். பக்கத்துக் காட்டுக்காரர் போர்வெல்லில் உறிஞ்சிக்கொள்வார்' என்பது விவசாயிகளின் நியாயமான சந்தேகம். அதற்கு விடை சொல்லாத திட்டம் என்ன ஆகும் என்று முன்பே பார்த்துவிட்டோம். 2007-ல் மத்திய அரசு, தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் கிணறுகள் வழியாக நிலத்தடி நீரைச் செறிவூட்ட சுமார் 1,800 கோடி ரூபாய் திட்டம் கொண்டுவந்தது. கிணறு ஒன்றுக்குச் சராசரியாக 4,000 ரூபாய். அது இலக்கின் அருகில்கூடப் போகவில்லை. பணம் தனித்தனி ஆளுக்குப் போனது. நீரோ தனித்தனியாக நிற்பதில்லை. இதற்கு மாறாக, 1985 முதல் 1987 வரை நீண்ட வறட்சிக்குப் பின் குஜராத்தின் சௌராஷ்டிராவில் ஸ்வாத்யாய பரிவார் போன்ற மக்கள் இயக்கங்கள் முன்னின்றதில், லட்சக்கணக்கான கிணறுகளில் மழைநீர் இறங்கியது. அதுவும் கடும்பாறை நாடு. ஊரில் எல்லோரும் ஊற்றும்போது, யார் நீரை யார் எடுத்தார் என்ற கேள்விக்கு இடமில்லை. ஆகவே, மானியத்தைத் தனி விண்ணப்பதாரருக்குத் தராமல், ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியின் கிணறுகளில் பெரும்பாலானவை சேர்ந்தால் மட்டும், அந்த ஊருக்கு மொத்தமாகத் தர வேண்டும்.

மேட்டு நிலத்தில் நீரைப் பிடித்தால் கீழே உள்ள குளத்துக்கு என்ன வரும் என்ற கேள்வியும் எழுகிறது. தட்டிக்கழிக்கக் கூடாத கேள்வி அது. ஓடையை மறித்துக் கிணற்றுக்குத் திருப்புவது குளத்தின் பங்கைத் திருடுவது. அதற்கு அனுமதியே கூடாது. வயலில் விழுந்த மழைக்குள்தான் கிணற்றின் உரிமை அடங்க வேண்டும். 2024 ஆகஸ்டில் தொடங்கிய அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் பவானியின் உபரிநீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுசெல்கிறது. குளத்தை ஒட்டிய கிணறுகளுக்கு அதன் கசிவு கிடைக்கும். தொலைவில் மேட்டாங்காட்டில் இருப்பவருக்குத் தன் வயல் மழையை விட்டால் வேறு கதியில்லை.

நீர்மட்டம் ஏறியதும் வாழையும் கரும்பும் ஏறிவிட்டால் பழைய கதைதான். இதுவே கடினமான ஆட்சேபம். மின்கட்டணத்தால் இதைத் தீர்க்க முயல்வது ஏழை விவசாயியைத்தான் முதலில் அடிக்கும். மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் ஊர்க்கூட்டம் அந்த ஆண்டு மழையை அளந்து, அதற்கேற்ற பயிரை முடிவுசெய்கிறது. பாசனத்துக்குப் போர்வெல் போட அங்கே தடை. இங்கே நிலத்தடி நீருக்காக 2003-ல் இயற்றிய சட்டம் 2013-ல் ரத்தானது. சட்டத்துக்குக் காத்திராமல், மானியம் பெறும் ஊர், புதுப் போர்வெல் இல்லை, நீர் குடிக்கும் பயிருக்குச் சொட்டுநீர் என்று கிராமசபையில் தீர்மானம் போட்டுவிட்டுப் பணத்தை வாங்கட்டும். சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு முழு மானியம் ஏற்கெனவே இருக்கிறது.

தூர்வாருவதைச் சித்திரையில் முடித்து, வடிகட்டிக் குழியை ஆடிக்குள் கட்டினால்தான் ஐப்பசி மழைக்குக் கிணறு ஆயத்தமாகும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் குழியின் மேல்மணலில் படிந்த சேற்றைச் சுரண்டி எடுக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை புது மணல் போட வேண்டும். கட்டிமுடித்ததோடு கணக்கை முடிக்காமல், இந்த மணலுக்கும் கூலிக்கும் ஐந்து ஆண்டுக்கான தொகையைத் தொடக்கத்திலேயே ஊராட்சிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும்.