ஈருடல் ஓருயிராம்!

காதலர்கள் ‘ஈருடல் ஓருயிர்’ என்று எவரோ சொல்லிவைத்தார். அன்று தொட்டு நாம் எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். கதை எழுதிப் பிழைக்கும் என் போன்றவர்கள் சற்று அதிகமாகவே சொல்லிவிட்டோம். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகவே இதை எழுதுகிறேன்.

ஓருயிர் என்றால் என்ன அர்த்தம்? நான் நினைப்பதை அவள் சொல்லாமலே அறிய வேண்டும். அவன் விருப்பமே என் விருப்பமாக வேண்டும் என்பதுதானே? மணமான மூன்றாம் மாதம், சம்பளத்தில் ஊருக்கு எவ்வளவு அனுப்புவது என்று ஒரு தகராறு வருகிறது. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் இது வராதா? ஆனால் ஓருயிர்க்காரனுக்கு அது வெறும் தகராறு அல்ல. ‘இவள் எனக்கென்று பிறந்தவள் இல்லையோ!’ என்று அவன் நெஞ்சு பதறுகிறது.

இந்தப் பைத்தியம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. ஆதியில் மனிதர் இரட்டை உடலோடு இருந்ததாகவும், சீயஸ் தேவன் அவர்களைப் பிளந்துவிட்டதாகவும், அன்று முதல் அவரவர் மறுபாதியைத் தேடி அலைவதாகவும் பிளேட்டோவின் ‘சிம்போசியம்’ நூலில் அரிஸ்டோஃபனீஸ் சொல்கிறார். அவர் ஹாஸ்ய நாடகாசிரியர் என்பதைத்தான் உலகம் மறந்துவிட்டது!

ஸ்பைக் டபிள்யூ. எஸ். லீ, நார்பர்ட் ஷ்வார்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 2014-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். சிலருக்கு ‘என் மறுபாதி’ போன்ற சொற்களையும், வேறு சிலருக்கு ‘இவ்வளவு தூரம் சேர்ந்து வந்துவிட்டோம்’ போன்ற சொற்களையும் காட்டினார்கள். பிறகு, துணையோடு போட்ட சண்டைகளை நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். மறுபாதிக்காரர்களுக்குத் தங்கள் உறவில் திருப்தி குறைந்தது. வழிநடந்தவர்களை அந்த நினைவு அவ்விதம் வருத்தவில்லை.

திருக்குறளின் 6-ஆம் அதிகாரத்துக்கு ‘வாழ்க்கைத் துணைநலம்’ என்று பெயர். துணை என்றால் கூட வருகிற ஆள். கூட வருகிறவருக்குக் கால் வலிக்கும், கோபம் வரும், வழி தப்பும். அதற்காக யாரும் பயணமே பொய் என்று சொல்வதில்லை.

“அப்படியானால் எல்லாவற்றையும் சகித்துக்கொள்ளச் சொல்கிறீரா?” என்று ஒரு சகோதரி கேட்கலாம். இல்லை, அம்மா! மறதியும் பிடிவாதமும் குறைகள், அடிப்பது கொடுமை. அடிக்கிறவன் துணையே அல்லன். சொல்லப்போனால், அடிபட்டவளை ‘ஓருயிர்’ என்று சொல்லித்தானே அந்த வீட்டிலேயே கட்டிப்போடுகிறார்கள்?

இனி என் கதையில் எந்தக் காதலனாவது ‘நாம் ஓருயிர்’ என்று பிதற்றினால், வாசகர்கள் எனக்குக் கடிதம் எழுதித் திட்டலாம்.