பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

1967 டிசம்பரில், அன்றைய கோவை மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில் கூலி வேலை பார்த்த பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. அன்றைய சட்டப்படி அவருக்கு 12 வாரம் பேறுகால ஊதியம் கிடைக்க வேண்டும். 12 வாரம் என்றால் 84 நாட்கள். தோட்ட நிர்வாகம் 72 நாட்களுக்கு மட்டும் கணக்குப் போட்டுக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை நீ வேலைக்கே வரமாட்டாய், அன்றைக்கு எதற்குக் கூலி என்பது அவர்கள் வாதம். அந்தப் பெண் விடவில்லை. கோவை தொழிலாளர் நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று வழக்கு நடந்து, 1977-இல் தீர்ப்பு வந்தது. வாரம் என்றால் ஏழு நாட்கள்தான் என்றது நீதிமன்றம். இதைச் சொல்ல வைக்க ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அந்தக் குழந்தை அதற்குள் ஐந்தாம் வகுப்புக்குப் போயிருக்கும்.

தீர்ப்பை ஆய்வுக்காகத்தான் முதலில் படித்தேன். அது என்னை விட்டுப் போகாமல் இருப்பதற்குக் காரணம் என் அக்கா.

அக்கா ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பிரிவில் இருக்கிறார். 2022 தொடக்கத்தில் எட்டாம் மாதம். கால் வீங்கி, மெஷின் முன்னால் உட்கார முடியவில்லை. பேறுகால விடுப்பு கேட்டு அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி அதட்டவெல்லாம் இல்லை. அக்கறையாகத்தான் பேசியிருக்கிறார். "இப்பவே மெட்டர்னிட்டி எழுதிட்டா பின்னாடி நாள் குறையும்மா. உன்கிட்ட 13 நாள் இ.எல். இருக்குல்ல, அத முதல்ல போட்டுக்கோ. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

26 வாரம் முடிந்தது. குழந்தை புட்டிப்பாலை வாயில் வாங்கவே மறுத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி, அவரிடம் விட்டுவிட்டும் போக முடியாது. இன்னும் பத்து நாள் வேண்டும் என்று கேட்டபோது அதே அதிகாரி கணினியைப் பார்த்துச் சொன்னார்: "பேலன்ஸ் இல்லம்மா." சம்பளம் இல்லாத விடுப்பு எடுத்தார். வருகைக்கான ஊக்கத்தொகையும் போனது. அடுத்த ஜனவரியில் விடுப்புக் கணக்கைப் பார்த்தால் பூஜ்ஜியம். தப்பாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்தோம். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 79-ஆம் பிரிவுப்படி, ஓர் ஆண்டில் 240 நாட்கள் வேலை செய்திருந்தால்தான் அடுத்த ஆண்டு சம்பளத்தோடு விடுப்பு. 20 நாள் வேலைக்கு ஒரு நாள். பேறுகால விடுப்பை வேலை நாளாகச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் 12 வாரம் வரைதான். 2017-இல் பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்தியவர்கள் இந்த 12-ஐத் தொடவில்லை. 365-இல் 182 நாட்கள் பேறுகால விடுப்பு. மீதி 183-இல் ஞாயிறு போனால் 157. அதில் குடியரசு நாள், தீபாவளி என்று சிலவற்றைக் கழித்தால் 150 சொச்சம். 84-ஐச் சேர்த்தாலும் 240-ஐத் தொடாது. அதாவது, ஒரே ஆண்டுக்குள் முழுப் பேறுகால விடுப்பையும் எடுத்த பெண், மற்ற நாட்களில் ஒரு நாள்கூடத் தவறாமல் வேலைக்கு வந்திருந்தாலும், அடுத்த ஆண்டு முழுக்க விடுப்பு இல்லாமல் இருக்க வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி போட, காய்ச்சலுக்கு மருத்துவமனையில் காத்திருக்க அம்மாவுக்கு விடுப்பு தேவைப்படுகிற ஆண்டும் அதுதான்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு 240-ஐ 180 ஆகக் குறைத்திருக்கிறது, பேறுகால விடுப்பு முழுவதையும் கணக்கில் சேர்க்கிறது. அந்தத் தொகுப்புகள் மீது எனக்குப் பெரிய கோபங்கள் உண்டு, என்றாலும் இது நல்ல மாற்றம். ஆனால் பழைய சட்டத்தின் இன்னொரு வரி அதிலும் அப்படியே இருக்கிறது: அந்த நாட்களுக்கு விடுப்பு சேராது. லே-ஆஃபையும் பிள்ளைப்பேற்றையும் ஒரே வாக்கியத்தில் வைத்துச் சொல்கிறார்கள். முதலாளி வேலை தராமல் அனுப்பிய நாளும், பெண் பிள்ளை பெற்ற நாளும் சட்டத்துக்கு ஒன்று. இரண்டிலும் அவள் எதையும் 'ஈட்டவில்லை'.

மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு இப்படி இல்லை. 1972 விடுப்பு விதிகளின்படி பேறுகால விடுப்பு அவருடைய விடுப்புக் கணக்கில் கழிக்கப்படாது. வேறு எந்த விடுப்பையும் அதனோடு சேர்த்து எடுக்கலாம். அரையாண்டுக்கு 15 நாள் ஈட்டிய விடுப்பு வழக்கம்போலக் கணக்கில் ஏறும். அவர் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதும் விடுப்பை 'ஈட்டிக்கொண்டுதான்' இருக்கிறார். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் பேறுகால விடுப்பே 12 மாதம். இதில் எனக்குப் பொறாமை எதுவும் இல்லை. இட ஒதுக்கீட்டில் அந்த வேலைகளுக்குப் போன நம் பெண்களும் இருக்கிறார்கள். ஆனால் பிள்ளை பெறுவது மேசைக்குப் பின்னால் உட்காருகிறவர் செய்தால் பணிக்காலம், தோல் தைக்கிறவர் செய்தால் வெற்றுக் காலம் என்று ஒரே நாட்டில் இரண்டு விதி இருக்கும்போது, தோலைத் தைக்கிற கைகள் பெரும்பாலும் யாருடையவை என்று கேட்காமல் இருக்க முடியுமா?

இந்த இரண்டு விடுப்புகளுமே அண்ணல் அம்பேத்கரின் கை பட்டவை என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகாலப் பயன் மசோதாவை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டின் நலன், செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும், ஆனாலும் அவள் உழைப்பால் லாபம் பார்க்கிற முதலாளி கை கழுவ முடியாது என்பது அவர் நிலை. பிறகு வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோதுதான், 1945-இல், ஆலைத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை சட்டமானது. ஒன்று பிள்ளைப்பேற்றுக்கு, மற்றது உழைத்த உடம்பின் ஓய்வுக்கு. ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பிடுங்குவதற்காக அவை எழுதப்படவில்லை.

இரண்டையும் சேர்த்து எடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. கையில் இருக்கிற 13 நாளைப் பிரசவத்துக்கு முன்னால் வைப்பதா, 26 வாரம் முடிந்த பின் வைப்பதா, தொடாமல் சேமிப்பதா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. எந்தத் தேதியிலிருந்து பேறுகால விடுப்பில் போகிறேன் என்று எழுதிக் கொடுப்பவளும் அவள்தான். பிரசவத்துக்கு முன் எட்டு வாரம் வரை சட்டம் இடம் தருகிறது. அக்காவின் கம்பெனியில் அது அதிகாரியின் அறிவுரையாக வந்தது. இத்தனைக்கும் அக்கா இ.எஸ்.ஐ.-யில் இருக்கிறார். பேறுகாலப் பணத்தை இ.எஸ்.ஐ. தருகிறது, கம்பெனிக்கு அதில் சல்லிக்காசு செலவில்லை. பிறகு ஏன் இந்த அக்கறை? பேறுகால விடுப்பின் தொடக்கம் தள்ளிப்போனால் கடைசி வாரங்களிலும் அவளை லைனில் உட்கார வைக்கலாம், இ.எல். பாக்கி தீர்ந்தால் பிறகு கேட்க வரமாட்டாள். எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை.

இதெல்லாம் இ.எல். என்று ஒன்று இருப்பவர்களின் பிரச்சினை. டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் பேறுகாலப் பயன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு, சரியாக மார்ச் 8 அன்று, தீர்ப்புச் சொன்னது. கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. நம் ஊர்களில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியில் இருக்கும் ஒரு கர்ப்பிணி, பிரசவத்துக்கு முந்தைய ஓராண்டில் 80 நாள் வேலை செய்ததைக் காட்டினால் போதும் என்கிறது சட்டம். யாரிடம் காட்டுவது? ஒப்பந்ததாரர் மாறும்போது பழைய வருகைப் பதிவேடு யார் வீட்டுப் பரணுக்குப் போகிறது? 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்து, எங்களைத் தனியாரிடம் தள்ளாதே என்று கேட்டதைச் சம்பளப் பிரச்சினையாக மட்டும் பார்த்தவர்கள் உண்டு. விடுப்பு விண்ணப்பத்தின் மேலே 'பெறுநர்' என்று எழுதி, அதன் கீழே யார் பெயரைப் போடுவது என்பதும் அதில் இருந்தது.

முனைவர் பட்ட ஆய்வாளரான எனக்கு ஈட்டிய விடுப்பு எதுவும் கிடையாது. நான் மாணவர் கணக்கில் வருகிறேன். ஆனால் யு.ஜி.சி. விதிப்படி, ஆய்வுக் காலத்தில் ஒருமுறை 240 நாட்கள் வரை பேறுகால, குழந்தை வளர்ப்பு விடுப்பு எடுக்கலாம். அக்கா உழைத்துக் காட்ட வேண்டியிருந்த அதே 240. இதைச் சொன்னபோது அக்கா சிரித்தார். "படிச்சா நம்பரே மாறிடுதுடி" என்றார்.

போன மாதம் அக்காவின் லைனில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதம் முடிந்தது. அலுவலகத்தில் அதே அறிவுரை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: "இ.எல்.-ஐத் தொடாத. தேதிய நீயே எழுதிக் குடு. ஒரு காப்பில சீல் வாங்கி வெச்சுக்கோ." அவள் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதிகாரி தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "இத உனக்கு யார் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாராம். அவள் சொல்லவில்லை. சீல் வைத்த காப்பி அவளிடம் இருக்கிறது.