கல்லறைக்குக் கல் எடுப்போருக்கு

உச்சிப்புளியிலிருந்து மண்டபம் செல்லும் வழியில், வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் ஒன்றையொன்று நெருங்கிவரும் அந்த மணற்பரப்பில், கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டமானாலும் முஸ்லிம்களின் மையவாடியானாலும், அங்கே நிற்கும் கருங்கல் எதுவும் அந்த மண்ணில் பிறந்ததன்று. இக்கடற்கரைக்கு மலை கிடையாது. முன்னோர் கட்டடங்களுக்குக் கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லையே நம்பியிருந்தனர் என்பதற்கு, 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடித் தேவாலயத்தின் எஞ்சிய சுவர்களே பிரத்தியட்சச் சான்று. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டபின் அந்த வழியும் அடைபட்டது. இன்று தாய்க்கோ தகப்பனுக்கோ கல் வைக்க நினைப்பவர், மேலூர்ப் பக்கத்து வெளிர்நிறக் கல்லையோ கிருஷ்ணகிரி, விழுப்புரம் மாவட்டங்களிலிருந்து வரும் கறுப்புக் கல்லையோ நாடவேண்டியிருக்கிறது.

கறுப்பின்மேல் நம்மவர்க்கு ஒரு மோகம் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. பூமியின் வெடிப்புகளில் புகுந்து உறைந்த குழம்பாகிய அக்கல் நுண்ணிய மணிகளால் ஆனதாகையால், மெருகும் ஏறுகிறது, எழுத்தும் சிதையாமல் விழுகிறது. ஆனால் சுமாரான கல்லுக்கு எண்ணெயும் சாயமும் ஏற்றிக் கருமையாக்கி விற்பதும் உண்டு. அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்து, துணியில் கறை ஏறினால் வாங்காமல் திரும்பிவிடுவதே விவேகம்.

கல் நிலைக்குமா என்ற கவலை உண்மையில் வீண் கவலை. நல்ல கருங்கல் நம் பேரன்மாரையும் கடந்து நிற்கும். என் அபிப்பிராயத்தில், இக்கடற்கரையில் முதலில் தோற்பது எழுத்தும் அஸ்திவாரமுமே. மெருகின்மேல் மேலோட்டமாகக் கீறிய உருவப்படமும், ஆழமில்லாத பள்ளத்தில் பூசிய பொன்வண்ணமும், உப்புக் காற்றையும் அதனோடு பறந்துவரும் மணலையும் நெடுங்காலம் தாங்குவதில்லை. உளிகொண்டு ஆழ வெட்டிய எழுத்தோ, வண்ணமெல்லாம் உதிர்ந்தபின்னும், வெயில் சாய்ந்து விழும் வேளையில் தன் நிழலாலேயே படிக்கப்படும். ஆகவே கையிலுள்ள பணம் இவ்வளவுதான் என்றால், கல்லின் அளவைக் குறைத்து எழுத்தின் ஆழத்தைக் கூட்டுங்கள் என்பேன். கல்லைப் பீடத்தோடு பிணைக்கும் கம்பி இரும்பாக இருந்தால், அது துருவேறிப் பருத்துக் கல்லையே பிளந்துவிடுமாதலால், அந்த ஓரிடத்தில் மட்டும் சிக்கனம் பாராமல் எவர்சில்வர்க் கம்பியே கேட்டு வாங்கவேண்டும்.

நாலடி நீளமும் இரண்டடி அகலமும் நாலங்குலக் கனமும் உள்ள ஒரு பலகையே 200 கிலோவுக்குக் குறையாது. புதிதாகத் தோண்டி மூடிய மணல் அமிழ்ந்து இறுகுவதற்குள் அதை ஏற்றினால், கல் சாயத்தான் செய்யும். முதலாண்டு நினைவு நாள் வரையிலாவது பொறுத்திருப்பது மணலுக்கும் நல்லது, துக்கத்திலிருக்கும் குடும்பத்துக்கும் நல்லது. அழுகை ஓயுமுன் கடைக்குச் செல்பவர் பெரிய கல்லைத்தான் கேட்பார்.

பெரிய கல்தான் பெரிய அன்பு என்ற எண்ணம் நம் சம்பிரதாயத்துக்கே புறம்பானது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த, கிறிஸ்து பிறப்பதற்கு முந்தியவை என்று கருதப்படும் நடுகற்களுள் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்டவனின் பேரையும் ஊரையும் சில சொற்களில் சொல்லி அமைந்துவிடுகிறது. மையவாடிகளில் தலைமாட்டில் நடும் மீசான் கல் பல இடங்களில் பெயர்கூட இல்லாமலே தன் கடமையைச் செய்கிறது. ராமேசுவரம் பேய்க்கரும்பில், 2015 ஜூலை 30 அன்று அப்துல் கலாம் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில், இரண்டே ஆண்டுகளில் மணிமண்டபம் எழுந்தது தேசத்தின் காரியம். அதைப் பார்த்து ஒரு குடும்பம் தன் கல்லுக்கு அளவெடுப்பது பொருந்தாது.

கல் எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்கத்தான் வேண்டும். குழந்தைகளின் உழைப்பால் உருவானதன்று என்ற சான்றில்லாத கல்லைத் தம் இடுகாடுகளில் அனுமதிக்க மறுக்கும் சட்டம் ஜெர்மனியின் சில மாநிலங்களில் இருக்கிறது. நமக்கோ குவாரி பக்கத்திலேயே இருக்கிறது; மதுரை மாவட்ட கிரானைட் முறைகேட்டுப் புகார்களை விசாரிக்க 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தை நியமித்ததும், மறு ஆண்டு அவர் அறிக்கை அளித்ததும் நாம் பத்திரிகையில் படித்த சங்கதிகள்தாம். அப்படியிருந்தும் கடைக்காரரிடம் பில்லும் குவாரியின் பெயரும் கேட்பவர் அபூர்வம்.

கடைசியாக ஒன்று. கடலை நம்பி வாழும் இவ்வூர்களில், வலையோடு சென்று உடலும் கரை சேராமற்போனவர்கள் அநேகம் குடும்பங்களில் உண்டு. தமக்கென்று ஒரு குழியும் இல்லாத அவர்களின் பெயரைத் தந்தையின் கல்லிலோ தாயின் கல்லிலோ சேர்த்து வெட்டினால், நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளில் அவர்களுக்கும் மெழுகுவர்த்தி ஏற்ற ஓர் இடம் அமையும். ஆதலால் கல்தச்சரிடம் அடிப்பாகத்தில் மூன்றிலொரு பங்கை எழுத்தின்றி விடச் சொல்லுங்கள். பின்னொரு நாள் வேறொருவர் வெட்ட நேர்ந்தாலும் மாறுபடாதிருக்க, எழுத்தின் அளவையும் ஆழத்தையும் ஒரு தாளில் குறித்து வாங்கி, கல்லின் பில்லோடு சேர்த்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.